காரில் குழந்தை எங்கே உட்கார வேண்டும்?

வாடகைக் கார் பேசும்போது தலையை எண்ணுவோம். பெரியவர்கள் ஐந்து பேர் என்றால் ஐந்து. குழந்தைகளை யாரும் எண்ணுவதில்லை. "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்போம். கைக்குழந்தை அம்மாவின் மடியில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை தாத்தாவின் மடியில் இருக்கும். ஆறு வயதுப் பையன் முன் சீட்டில் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்து வருவான்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அம்மாவின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று நினைக்கிறோம். வீட்டில் அது உண்மைதான். ஓடும் காரில் அது உண்மை இல்லை. ஏன்? பார்ப்போம்.

கார் நிற்கும், நாம் நிற்க மாட்டோம்

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். என்ன ஆகிறது? பஸ் நிற்கிறது. நாம் முன்னால் போய் விழுகிறோம். பஸ் ஓடிய வேகம் நம் உடம்பிலும் இருக்கிறது. பஸ்ஸைப் பிரேக் நிறுத்தியது. நம்மை நிறுத்த எதுவும் இல்லை. அதனால் கம்பியோ, முன்னால் நிற்பவரோதான் நம்மை நிறுத்த வேண்டும்.

காரிலும் இதுவே நடக்கிறது. கார் ஒரு லாரி மீதோ மரத்தின் மீதோ மோதினால், கண் மூடித் திறப்பதற்குள் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னால் பாய்வார்கள். கண்ணாடியிலோ, முன் சீட்டிலோ, டேஷ்போர்டிலோ மோதித்தான் நிற்பார்கள்.

அந்த அடி எவ்வளவு பலமானது? உயரத்திலிருந்து கீழே விழுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், சுமார் 5 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.
மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், சுமார் 20 அடி.
மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால், சுமார் 32 அடி.
மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், சுமார் 46 அடி.
மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால், சுமார் 82 அடி.

32 அடி என்பது மூன்று மாடி உயரம். மொட்டை மாடியில் குழந்தை விளையாடினால் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஓரத்துக்குப் போனால் ஓடிப்போய்ப் பிடிக்கிறோம். காரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் குழந்தையைக் கட்டாமல் கூட்டிப் போவதும், கைப்பிடிச் சுவர் இல்லாத அந்த மாடியில் விடுவதும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் இரண்டு மடங்கு ஆனால், உயரம் நான்கு மடங்கு ஆகிறது. 20 கிலோமீட்டருக்கு 5 அடி. 40 கிலோமீட்டருக்கு 20 அடி. வேகம் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து பல மடங்கு கூடும்.

கை ஏன் தாங்காது?

"நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று ஒரு தாய் சொல்லலாம். முடியுமா?

ஒரு வயதுக் குழந்தையின் எடை சுமார் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி நிற்கும்போது, அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த அதன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு பலம் தேவைப்படும். அதாவது 200 கிலோ. நான்கு அரிசி மூட்டைகள், ஒவ்வொன்றும் 50 கிலோ. அவை ஒரே நொடியில் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகின்றன. எந்தத் தாயின் கையும், எந்தத் தகப்பனின் கையும் அதைத் தாங்காது. பாசம் குறைவு என்று பொருள் இல்லை. மனிதக் கைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

தாயும் பெல்ட் போடவில்லை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தாயின் உடம்பும் முன்னால் பாயும். குழந்தை தாய்க்கும் முன் சீட்டுக்கும் நடுவில் சிக்கி நசுங்கும்.

சிலர் வேறு ஒன்று செய்கிறார்கள். தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டுகிறார்கள். இதுவும் தவறு. மோதும்போது தாயின் முழுப் பாரமும் பின்னாலிருந்து குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து அழுத்தும். ஒரு பெல்ட் ஒருவருக்கு மட்டும்தான்.

ஒரு டாக்டரின் போராட்டம்

மடியைப் பற்றிய இந்த நம்பிக்கை நம் நாட்டில் மட்டும் இருப்பது இல்லை. அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே டென்னசி என்று ஒரு மாநிலம் உள்ளது. அந்த மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். கார் விபத்தில் சிறு குழந்தைகள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டார். குழந்தைகளைக் குழந்தை சீட்டில் வைத்துத்தான் காரில் கூட்டிப் போக வேண்டும் என்று சட்டம் கேட்டார்.

1977ஆம் ஆண்டு அந்தச் சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. ஆனால் சட்டம் போட்டவர்கள் அதில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் பிடித்திருந்தால், சீட் தேவையில்லை என்றார்கள்.

சாண்டர்ஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "குழந்தையை நசுக்கும் திருத்தம்" என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார். 1981ஆம் ஆண்டு அந்த விதிவிலக்கு நீக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குழந்தை சீட் சட்டம் வந்துவிட்டது.

பின் சீட்டில் பெல்ட் வேண்டுமா?

"முன் சீட்டில் இருப்பவர்தான் பெல்ட் போட வேண்டும். பின்னால் இருப்பவருக்குத் தேவையில்லை." இப்படிப் பலர் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம்.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் ஒரு விபத்து நடந்தது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி அதில் இறந்தார். அவர் விலை உயர்ந்த காரில், பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெல்ட் போடவில்லை. அதன் பிறகுதான் பின் சீட் பெல்ட்டைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவர்கள். அந்த 16,715 பேரில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். கூடப் பயணம் செய்தவர்கள்.

பின்னால் இருக்கும் பெரியவர் பெல்ட் போடாவிட்டால், அவருக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அவர் பாய்ந்து வந்து மற்றவர் மேல் விழுவார். பக்கத்தில் இருக்கும் குழந்தை மேலும் விழலாம். குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமானால் பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும்.

பெரியவர் பெல்ட் குழந்தைக்குப் பொருந்துமா?

காரில் இருக்கும் பெல்ட் வளர்ந்தவர்களுக்காகச் செய்தது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தோளிலிருந்து மார்பின் குறுக்கே வரும். மற்றொன்று இடுப்பின் குறுக்கே வரும். பெரியவருக்கு இவை தோள் எலும்பின் மேலும், இடுப்பு எலும்பின் மேலும் படியும். எலும்பு பலமானது. அடியைத் தாங்கும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு அதே பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள். மேல் பெல்ட் கழுத்தை அறுக்கும். கீழ் பெல்ட் இடுப்பில் நிற்காமல் வயிற்றின் மேல் ஏறும். வயிற்றில் எலும்பு இல்லை. குடலும் ஈரலும்தான் உள்ளன. மோதினால் பெல்ட்டே அவற்றைக் காயப்படுத்தும்.

கழுத்தை அறுக்கிறது என்று குழந்தை அழும். உடனே மேல் பெல்ட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் போட்டுவிடுவோம். இது பெரிய ஆபத்து. மேல் உடம்பைப் பிடிக்க எதுவும் இல்லாமல், தலை போய் முன் சீட்டில் மோதும்.

இதற்கு என்ன வழி? குழந்தையின் உடம்புக்கு ஏற்ற சீட் வேண்டும். குழந்தை வளர வளர சீட்டும் மாற வேண்டும். அதை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

முதல் படி: பின்பக்கம் பார்த்த சீட்

இது பிறந்த குழந்தைக்கு. கைக்குழந்தையின் தலை பெரியது. கழுத்து மெலிந்தது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதும்போது தலை முன்னால் இழுக்கப்படும். கழுத்து தாங்காது. அதனால் குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி சீட்டைப் பொருத்துவார்கள். அப்போது அடியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். தலைக்கும் கழுத்துக்கும் சீட்டின் முதுகு அணையாக இருக்கும்.

குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வேண்டும். சீட்டில் இடம் இருந்தால், இரண்டு வயதுக்கு மேலும் இப்படியே வைப்பது நல்லது.

இரண்டாம் படி: முன்பக்கம் பார்த்த சீட்

குழந்தை முதல் சீட்டில் அடங்காதபடி வளர்ந்த பிறகு இதற்கு மாற்ற வேண்டும். இந்த சீட்டிலேயே பட்டைகள் இருக்கும். இரண்டு தோள்களுக்கும், இடுப்புக்கும், கால்களுக்கு நடுவிலும் வந்து ஒரே கொக்கியில் சேரும். சுமார் 18 கிலோ எடை வரை, அதாவது ஏறக்குறைய நான்கு வயது வரை, இது பொருந்தும்.

மூன்றாம் படி: பூஸ்டர் சீட்

நான்கு வயதுக்கு மேல் பூஸ்டர் சீட் வேண்டும். பூஸ்டர் என்றால் உயர்த்துவது என்று பொருள். இது ஒரு உயரமான இருக்கை. சிலவற்றுக்கு முதுகும் உண்டு. குழந்தையை இதில் உட்கார வைத்தால் சில அங்குலம் உயரும். பிறகு காரின் பெல்ட்டையே போட வேண்டும். இப்போது மேல் பெல்ட் கழுத்தை விட்டு விலகித் தோளின் நடுவில் படியும். கீழ் பெல்ட் வயிற்றை விட்டு இறங்கித் தொடையின் மேல் படியும்.

பூஸ்டரின் வேலை இவ்வளவுதான். குழந்தையைப் பிடிப்பது காரின் பெல்ட். அந்த பெல்ட் சரியான இடத்தில் படியும்படி செய்வது பூஸ்டர்.

குழந்தை சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வளரும் வரை, அதாவது 4 அடி 9 அங்குலம் வரை, பூஸ்டர் வேண்டும். பெரும்பாலும் 10 முதல் 12 வயதுக்குள் அந்த உயரம் வரும்.

தலையணையையோ, மடித்த போர்வையையோ பூஸ்டர்போல் போடலாமா? கூடாது. மோதும்போது அது நழுவும், அமுங்கும். குழந்தை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும்.

பூஸ்டரை எப்போது நிறுத்தலாம்?

வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் உயரமாக இருப்பார், ஒருவர் குட்டையாக இருப்பார். அதனால் காரில் உட்கார வைத்து இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. முதுகு சீட்டில் நன்றாகச் சாய்ந்திருக்கிறதா?
2. முழங்கால் சீட்டின் ஓரத்தில் மடிந்து கால் கீழே தொங்குகிறதா?
3. மேல் பெல்ட் தோளின் நடுவில் படிகிறதா?
4. கீழ் பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையில் படிகிறதா?
5. பயணம் முடியும் வரை பிள்ளையால் இப்படியே உட்கார முடியுமா?

ஐந்துக்கும் ஆம் என்று பதில் வந்தால் பூஸ்டர் வேண்டாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பூஸ்டர் வேண்டும்.

முன் சீட்டும் ஏர்பேக்கும்

இப்போது வரும் கார்களில் ஏர்பேக் இருக்கிறது. இது ஒரு காற்றுப் பை. கார் மோதியதும் பட்டென்று விரியும். இமைப்பதைவிட வேகமாக விரியும். பெல்ட் போட்ட பெரியவரின் தலையையும் மார்பையும் இது காக்கும்.

ஆனால் குழந்தைக்கு அது எமன் ஆகலாம். பின்பக்கம் பார்த்த சீட்டை முன் சீட்டில் வைத்தால், விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னால் போய் அறையும். குழந்தை இறந்துபோகவும் கூடும். ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. இதைப் பற்றிய எச்சரிக்கைப் படம் காரிலேயே, வெயில் மறைக்கும் தட்டில் ஒட்டியிருக்கும். அதைப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு ஏற்ற இடம் பின் சீட்தான்.

சீட்டைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

நல்ல சீட் வாங்கினாலும், தளர்வாகக் கட்டினால் பயன் இல்லை.

காரின் பெல்ட்டாலோ, காரில் அதற்கென்று உள்ள கொக்கிகளாலோ சீட்டைக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும்.

குழந்தையின் பட்டை முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக இருக்க வேண்டும். தோளில் உள்ள பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளிப் பிடிக்க வந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

தடித்த ஸ்வெட்டர், சால்வை மேல் பட்டையைப் போடக் கூடாது. முதலில் பட்டையைப் போடுங்கள். பிறகு சால்வையை மேலே போர்த்துங்கள்.

சீட்டோடு ஒரு புத்தகம் வரும். அதில் படங்கள் இருக்கும். அதைப் பார்த்துச் செய்யுங்கள். முதல் முறை பொருத்தும்போது விற்பவரிடமே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உள்ளது. அது 2019இல் திருத்தப்பட்டது. அப்போது 194-பி என்ற பிரிவு சேர்ந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். 14 வயது நிரம்பாத குழந்தை காரில் போனால், சீட் பெல்ட்டாலோ குழந்தை சீட்டாலோ கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். ஓட்டுபவர்தான் இதற்குப் பொறுப்பு. மற்ற பயணிகள் பெல்ட் போடாவிட்டாலும் ஓட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதம் உண்டு.

எந்த வயதுக்கு எந்த சீட் என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை. மேலே சொன்ன மூன்று படிகளைப் பார்த்துப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். "பெல்ட் போடுங்கள்" என்று சொன்னால் பயணி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குவார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. "அபராதம் என் தலையில் விழும். உங்கள் குழந்தையின் நன்மைக்கும்தான் சொல்கிறேன்" என்று பணிவாகச் சொல்லலாம்.

வாங்கும்போது கவனியுங்கள்

குழந்தை சீட் விலை உயர்ந்த பொருள். பல ஆயிரம் ரூபாய் ஆகும். பார்த்து வாங்க வேண்டும்.

சீட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். எத்தனை கிலோ வரை, எவ்வளவு உயரம் வரை என்று அதில் எழுதியிருக்கும். இந்தியாவில் இதற்கு ஏ.ஐ.எஸ். 072 என்ற தர அளவு உண்டு. அது இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தரமும் குறிப்பிடாத மலிவான துணிப் பட்டைகளை நம்பக் கூடாது.

பழைய சீட் வாங்கலாமா? தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள். அது விபத்தில் சிக்கியதா என்று கேளுங்கள். சிக்கியிருந்தால் வேண்டாம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் இருக்கும். பட்டை நைந்திருந்தாலும், கொக்கி சரியாக மாட்டாவிட்டாலும் வேண்டாம்.

கார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம். 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' என்ற சோதனை நடக்கிறது. காரை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனியாக நட்சத்திரம் உண்டு. ஒன்றரை வயது, மூன்று வயது அளவுள்ள பொம்மைகளைக் குழந்தை சீட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். குழந்தை சீட் இல்லாமல் அந்த நட்சத்திரத்தால் பயன் இல்லை.

சீட் வாங்க வசதி இல்லை என்றால்?

பலரிடம் கார் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வாடகைக் காரில் போகிறார்கள். அவர்கள் என்ன செய்யலாம்?

அக்கம்பக்கத்து உறவினர் நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரு பூஸ்டர் வாங்கி வைக்கலாம். மற்ற சீட்டுகளைவிட பூஸ்டர் விலை குறைவு. போகிறவர் எடுத்துப் போகலாம்.

வண்டி பேசும்போது குழந்தைகளையும் எண்ணுங்கள். தனியாக உட்காரும் வயதுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு இடம், ஒரு பெல்ட் இருக்க வேண்டும். பின் சீட் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் கொக்கி சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பூஸ்டர் கிடைக்காவிட்டால் பெரிய பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைத்து, கீழ் பெல்ட்டைத் தொடையோடு தாழ்த்திப் போடுங்கள். இது பூஸ்டருக்கு ஈடாகாது. ஆனால் ஒன்றுமே போடாததைவிட மேல்.

கைக்குழந்தையோடு சீட் இல்லாத காரில் போகத்தான் வேண்டும் என்றால், அவசரம் இல்லாத பயணத்தைத் தவிருங்கள். தொலைதூரம் என்றால் ரயிலில் போக முடியுமா என்று பாருங்கள். போயே ஆக வேண்டும் என்றால் பின் சீட்டில் உட்காருங்கள். தாய் பெல்ட்டைத் தான் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட் குழந்தையின் மேல் வரக் கூடாது. மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இதனால் ஆபத்து குறையும். தீராது.

பைக்கில் போகும் குழந்தைகள்

நம்மில் பலருக்கு வண்டி என்றால் பைக்தான். அதில் பெல்ட் இல்லை. அதற்கும் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று அறிவித்த விதி, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பின்னால் வைத்து ஓட்டும்போது மூன்று விஷயங்கள் வேண்டும்.

குழந்தைக்கு ஒரு பாதுகாப்புப் பட்டை வேண்டும். குழந்தை அதைச் சட்டைபோல் போட்டுக்கொள்ளும். அதன் வார்களை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்வார். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

குழந்தையை முன்னால் பெட்ரோல் டேங்க் மீது உட்கார வைப்பதை விட்டுவிடுங்கள். மோதினால் முதலில் தூக்கி எறியப்படுவது அந்தக் குழந்தைதான்.

குழந்தை அழுதால்?

கட்டிவைத்தால் சில குழந்தைகள் அழும். "பாவம், அவிழ்த்துவிடு" என்று பாட்டி சொல்வார். என்ன செய்வது?

முதல் நாளிலிருந்தே பழக்குவது எளிது. சீட்டை வீட்டுக்குள் வைத்துக் குழந்தையை உட்கார வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். முதலில் குறைந்த தூரம் போய் வாருங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது ஓரமாக நிறுத்தி, இறக்கி, பால் கொடுத்து மறுபடி உட்கார வையுங்கள். ஓடும் காரில் அவிழ்க்காதீர்கள்.

தடுப்பூசி போட்டாலும் குழந்தை அழுகிறது. அதற்காக ஊசி வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்புவதில்லை. பெரிய நோய் வராமல் இருக்கச் சிறிய அழுகையைப் பொறுத்துக்கொள்கிறோம். இதுவும் அப்படித்தான்.

அப்பாவும் அம்மாவும் பெல்ட் போட்டால் பிள்ளையும் போடும். "எல்லோரும் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பது என்று வீட்டில் வழக்கம் செய்யுங்கள். பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள்.

நினைவில் கொள்வோம்

மடியிலோ கையிலோ வைத்துக் குழந்தையைக் காரில் கூட்டிப் போகக் கூடாது.
ஒரு பெல்ட் ஒருவருக்கு மட்டும்.
குழந்தையின் இடம் பின் சீட்.
கைக்குழந்தை பின்பக்கம் பார்க்க வேண்டும்.
நான்கு வயதுக்கு மேல் 145 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை பூஸ்டர் வேண்டும்.
மேல் பெல்ட் தோளில், கீழ் பெல்ட் தொடையில்.
குறைந்த தூரம் என்றாலும் பெல்ட் போட வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் வாடகை வண்டி பேசும்போது குழந்தைகளை எண்ணுகிறார்களா?
2. உங்கள் ஊர் வண்டிகளில் பின் சீட் பெல்ட் வேலை செய்கிறதா? அடுத்த முறை ஏறும்போது பாருங்கள்.
3. உங்கள் வீட்டுப் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் அளந்து பாருங்கள். 4 அடி 9 அங்குலம் வர இன்னும் எவ்வளவு இருக்கிறது?
4. நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரு பூஸ்டர் சீட் வாங்க முடியுமா? யார் வீட்டில் வைக்கலாம்?